பட்டியலிலிருந்து எடுத்த ஒரு வரி

"அக்கா, இப்பத்தான் பொறந்ததுன்னா இப்படித்தானே இருக்கும்?"

தன் ஆய்வேட்டின் அட்டவணையில், புதிதாகப் பிறந்த மரபணுவாக இருக்கலாம் என்று சேர்த்திருந்த ஒரு வரியைப் பற்றி என் மாணவி கேட்டது இவ்வளவுதான். என் பதில் அதைவிடச் சின்னது. "இருக்கலாம். இருந்தாலும் எடுத்துடு." இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் அவள் வீட்டுப் பேரிக்காய் மரத்தடியில், பாட்டிலில் வாழைப்பழம் போட்டு அவளே பிடித்த மெலனோகாஸ்டர் என்ற பழ ஈக்கள். அவற்றின் சிறு ஆர்.என்.ஏ. தரவில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று அவள் கண்ணில் பட்டிருந்தது. மொத்தம் 14 துண்டுகள், எல்லாம் 21, 22 எழுத்து நீளம். 11 துண்டுகள் வரிசையில் ஒரே இடத்தில் தொடங்கின. மற்ற 3 ஓரிரு எழுத்து தள்ளி. அந்த இடத்து வரிசையை மடக்கிப் பார்த்தால் குன்னூர் மலைப்பாதையில் இருப்பதுபோல நல்ல கொண்டை ஊசி வளைவு. ஆனால் வளைவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு துண்டுகூட இல்லை.

மற்ற மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.வைத்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்போம். இது உண்மையிலேயே அதுவாக இருந்தால், டைசர் என்ற நொதி வளைவை வெட்டும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் துண்டு வரும். ஒன்று நிலைக்கும், மற்றது பெரும்பாலும் அழிந்துபோகும். ஆனாலும் ஆழமாகத் தேடினால் கொஞ்சமாவது சிக்கும். சிக்காவிட்டால், ஏதோ ஒரு நீளமான ஆர்.என்.ஏ. சிதைந்து விழுந்த துகளாகவும் இருக்கலாம். இதை நான் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. பழ ஈக்களில் புது மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் நிறையப் பிறக்கின்றன, பெரும்பாலானவை சீக்கிரமே அழிகின்றன என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. 2010-இல் இன்னொரு குழு, இன்னும் ஆழமான தரவை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படிப் புதிது என்று சொன்னவற்றில் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களே இல்லை என்றது. அந்தச் சண்டையைப் படித்து வளர்ந்தவள் நான். 14 துண்டை நம்ப மனசு வராது.

ஆனால் அவள் கேள்வி அங்கேதான் குத்துகிறது. லெட்-7 மாதிரி, புழுவிலும் ஈயிலும் மனிதனிலும் ஒன்றுபோல இருக்கும் பழைய ஆர்.என்.ஏ. எங்கள் தரவில் ஆயிரக்கணக்கில் கொட்டியது. எல்லாத் துண்டும் பிசிறில்லாமல் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. புதிதாக வருவது அப்படி வராது. எங்கோ படியெடுக்கப்படும் ஒரு வரிசை தற்செயலாக வளைந்து நிற்கும், நொதி அதைத் தட்டுத்தடுமாறி வெட்டும், கொஞ்சம்தான் உண்டாகும், பக்கத்து இனங்களில் சாயல் இருக்காது. 2007-இல் வெளியான 12 ஈ இனங்களின் மரபணுத்தொகுதிகளில் அவள் தேடியிருந்தாள். மிக நெருங்கிய இனமான சிமுலன்ஸிலேயே அந்த வளைவு பாதி குலைந்திருந்தது. அதற்கு அப்பால் தடமே இல்லை. அதைப் போலி என்பதற்கு நான் காட்டிய ஒவ்வொரு காரணமும், அது புதிது என்பதற்கும் காரணம்.

இன்னொன்று. புது மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பல ஆண் ஈயின் விந்தகத்தில்தான் முதலில் தலைகாட்டும். நாங்கள் முழு ஈயை அரைத்திருந்தோம். விந்தகத்தை மட்டும் பிரித்து எடுத்து இன்னொரு முறை வரிசைப்படுத்தியிருந்தால் 14 என்பது 400 ஆகியிருக்கலாம், பூஜ்யமும் ஆகியிருக்கலாம். கையில் ஒரு தடவைக்குத்தான் பணம் இருந்தது. அதுவும் சரிதான். ஆனால் இதை நான் அன்றைக்கே அறிவேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் செய்யலாம் என்பாள், அப்புறம் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் சந்தேகப்படுவார் என்று பயந்தேன். அவளுக்காகப் பயந்தேன் என்றுதான் இதுவரை சொல்லிவந்தேன். அந்த ஆய்வேட்டில் என் பெயரும் இருந்தது.

அட்டவணையிலிருந்து எடுத்தது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பின்னிணைப்பில் 'உறுதியாகவில்லை' என்று போட்டு வைத்திருக்கலாம். அதற்கு ஒரு வரி போதும். ஏன் அது அன்றைக்குத் தோன்றவில்லை?

அவள் மறு பேச்சில்லாமல் அந்த வரியைத் தேர்வுசெய்து அழித்தாள். அட்டவணை எண்களைத் திருத்தினாள். "சரிங்க அக்கா, அனுப்பிடட்டுமா?" என்றாள்.

போன வாரம் அவளுக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில், மரத்தடியில் இப்போதும் ஈ மொய்க்கிறதா என்று கேட்டேன்.

"பழம் விழுந்தா மொய்க்கும்ங்க அக்கா. எதுக்கு?"

சும்மாதான் என்றேன்.