800க்கும் 720க்கும் நடுவில்

“இந்த ‘பொறு, ஆனால்’ எல்லாம் எழுதணுமா சித்தப்பா?”

கோத்தகிரியில் காலையிலிருந்து மழை. அண்ணன் மகள் ஒரு கணக்கை ஏஐயிடம் கேட்டுவிட்டு, அது யோசித்த வரிகளை நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தாள். 40 கிலோ பச்சைத் தேயிலை, ஈரத்துக்கு 10% கழிவு, கிலோ 20 ரூபாய்.

நோட்டில் எண்கள் மட்டும்: 40, 20, 800, 36, 720.

திரையில் 800க்குக் கீழே “பொறு, ஆனால் ஈரக் கழிவை எடுக்கவில்லையே” என்று ஒரு வரி. அதை விட்டுவிட்டால் 800 ஏன் விடையில்லை என்று யாருக்குத் தெரியும்?

எண்ணும் பெயரும்தான் சரக்கு, இடைச்சொல் வெறும் ஒட்டு என்று நினைக்கிறோம். யோசனை திசை மாறுவதே அங்கேதான்.

2025இல் குவென் என்ற ஏஐ மாடல்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. யோசிக்கும்போது பெரும்பாலான சொற்களை மாடல் தயங்காமல் போட்டுவிடுகிறது. சுமார் 20% இடங்களில்தான் தடுமாறுகிறது. ‘வெயிட்’ (பொறு), ‘ஹவெவர்’ (ஆனால்) மாதிரிச் சொற்கள் அங்கே நிறைய. அந்த 20 சதவீதத்தில் மட்டும் பயிற்சி கொடுத்தும் திறன் குறையவில்லை. பெரிய மாடலில் திறன் கூடவும் செய்தது!

அதே ஆண்டு எஸ்1 என்ற ஆய்வில், மாடல் முடிக்கப் போகும்போது ‘வெயிட்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். பல நேரம் அது தன் விடையைத் தானே சரிபார்த்துத் திருத்திக்கொண்டது.

எழுதும்மா, ஒன்றுவிடாமல் எழுது என்றேன். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.