மேடுபள்ளச் சரிவுக்கு யாரிடம் பழகுவது?

சுவிட்சர்லாந்தில் விடுதி வேலை பார்க்கும் சித்தி மகன் சென்ற வாரம் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, மேடுபள்ளமில்லாத சரிவுகளில் இப்போது நன்றாகப் பனிச்சறுக்குவதாகவும், இனி மொகல் எனப்படும் மேடுபள்ளச் சரிவைப் பழக வேண்டும் என்றும் சொல்லி, குழு வகுப்பா தனி ஆசிரியரா என்று கேட்டான். நானும் அங்கே மூன்று குளிர்காலங்கள் சமையற்கட்டில் இருந்து, ஓய்வு நாட்களில் விழுந்து எழுந்தவன்.

என் முதல் வகுப்பு மலிவான குழு வகுப்பு. எட்டுப் பேர் மேலே நிற்க, ஆசிரியர் அழகாக இறங்கிக் காட்டிவிட்டுக் கீழிருந்து கையசைத்தார். மூன்றாவது மேட்டிலேயே நான் பின்னால் சாய்ந்து விழுந்து, காலிலிருந்து கழன்றோடிய ஸ்கியை, அதாவது நீண்ட சறுக்குப் பலகையை, தேடிக் கால் மணித்தியாலம் பனியைக் கிளறினேன். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் நான் ஏன் விழுந்தேன் என்பதைப் பார்க்கவில்லை.

மறு ஆண்டு பிடித்த தனி ஆசிரியரோ மேடுபள்ளமில்லாத சரிவில் குறுகிய திருப்பங்களையும் பக்கவாட்டில் வழுக்கி இறங்குவதையும் பழக்கிய பிறகே, ஓரத்தில் தனித்திருந்த ஒரே ஒரு மேட்டுக்கு அழைத்துப் போனார். மேட்டில் ஏறும்போது முழங்கால்கள் மார்பை நோக்கி மடிந்து அதன் உயரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்; உச்சி தாண்டியதும் கால்களை நீட்டி ஸ்கியின் முனையைப் பள்ளத்துக்குள் அழுத்த வேண்டும். ஸ்கியின் இரு முனைகளும் பனியைத் தொடாமல் நிற்கும் உச்சியிலேதான் திரும்புவது எளிது. கைகள் முன்னால், கண்கள் இரண்டு மூன்று மேடுகளுக்கு அப்பால், நெஞ்சு எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் நோக்கி.

இந்தக் கடைசி விடயம் எனக்குப் புதிதல்ல. மழையில் வழுக்கும் தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு அம்மா இறங்கும்போது முழங்கால்கள் மட்டுமே மடிந்து நிமிரும், கூடை ஆடாது. பயந்து மலைப் பக்கம் சாய்ந்த என்னை, "சாஞ்சா சறுக்கும்டா" என்று எத்தனை முறை அதட்டியிருப்பார்!

இன்னொன்று, வேகத்தில் மயங்க வேண்டாம். 1992இல் ஒலிம்பிக் பதக்கப் போட்டியான மொகலில் இன்று மதிப்பெண்ணில் 60 சதவீதம் திருப்பங்களுக்கே, வேகத்துக்கு 20தான். (அந்த மேடுகள் மெல்ல மெல்ல மேல்நோக்கி நகர்கின்றன என்பது வேடிக்கை: மேட்டின் கீழ்ப்புறத்தில் சுரண்டப்படும் பனி அடுத்த மேட்டின் மேற்புறத்தில் போய்ச் சேருகிறது.)

ஆகவே, முதல் நாள் எந்தச் சரிவுக்கு அழைத்துப் போவீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்கச் சொன்னேன். செங்குத்தான சரிவின் பெயரைச் சொன்னால் வேறு ஆளைப் பார்க்கட்டும். இரண்டு மணித்தியாலத் தனி வகுப்புக்குப் பதிந்துவிட்டானாம், காலை எட்டு மணிக்கு. இரவில் உறைந்த மேடுகள் வெயில் பட்டு இளகட்டும், பதினொரு மணிக்கு மாற்றிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.