33 மீட்டரில் மழுங்கிப்போன சதுரம்

சிவப்புக்குச் சதுரம், மஞ்சளுக்குச் சாய்சதுரம், பச்சைக்கு வட்டம் எனக் கனடாவின் கியூபெக் மாகாணச் சிக்னல்களில் காணும் வடிவங்களை வைத்து, நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்காக நான் செய்த சிக்னல் மாதிரி, நேற்றிரவு மூன்றாவது முறையாகத் தோற்றது. என் விளக்குகள் 100 மி.மீ. அகலம் கொண்டவை. 300 மி.மீ. சிக்னலை 100 மீட்டரிலிருந்து பார்ப்பதற்கு ஈடாக, 33 மீட்டர் அளந்து தெருமுனையில் தம்பியை நிறுத்தினேன். சிவப்பு மங்கலாகவும் பச்சையோடு குழம்பியும் தெரிகிற பார்வை அவனுக்கு. தாய்மாமாவுக்கும் அப்படியே, அம்மா வழியாக வந்தது. நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஏதோ எரியுது, சதுரமா வட்டமான்னுதான் சொல்ல முடியல" என்றான்.

சதுரத்தையும் அதனுள் அடங்கும் வட்டத்தையும் பிரித்துக் காட்டுபவை நான்கு மூலைகள் மட்டுமே. என் அளவில் ஒவ்வொரு மூலையும் வட்டத்துக்கு வெளியே 21 மி.மீ. நீள்கிறது, அத்தொலைவில் நல்ல கண் ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளியைப் பிரித்தறியும் என்பதால், கணக்குப்படி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இருட்டில் ஒளி கூசிப் பரவி மூலைகளை விழுங்கிவிடுகிறது. ஒளியைப் பரப்பும் பால்நிற அக்ரிலிக் தகட்டைக் கழற்றினேன், கறுப்பு அட்டையில் விளிம்பு வெட்டி ஒட்டினேன், பலனில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் எனக்கு மூலைகள் தெரிகின்றன, அவனுக்கோ விளக்கே அணைந்ததுபோல் ஆகிவிடுகிறது. மூன்று இரவுகளாக நான் முட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

நிறத்தில் மட்டும் வெற்றி கிடைத்தது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில் 'சிக்னல் பச்சை' என்று தந்த எல்.இ.டி. 525 நானோமீட்டர், அதை அவன் மஞ்சள் என்றே சொன்னான். அலைநீளம் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவர்கள் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. நீலம் கலந்த 505 நானோமீட்டர் எல்.இ.டி.யை வரவழைத்து மாட்டியதும், "இது வெள்ளை மாதிரி இருக்கு, குழப்பமே இல்ல" என்றான். சிவப்பிலும் 660-ஐ நீக்கி 625 போட்ட பிறகே அவன் கண்ணுக்கு ஒளி எட்டியது.

2020 ஜூனில் இந்தியாவில் விதி திருத்தப்பட்டு, மிதமான நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஓட்டுநர் உரிமம் கிடைக்க வழி பிறந்தது. தம்பியும் அதன்பின் வாங்கினான். பகலில் மேலே இருப்பது சிவப்பு என்று இடத்தை வைத்தே அறிந்துகொள்கிறான். இரவில் சிக்னல் பெட்டி இருளில் மறைந்து ஒற்றை விளக்கு மட்டும் தெரியும்போது அந்த அடையாளமும் இல்லாமல் போகிறது.

அடுத்து வண்டியின் பின்விளக்கைச் செய்ய எண்ணி, காயலான் கடையில் ஒரு ஸ்கூட்டர் விளக்கை வாங்கி வைத்துவிட்டேன். பின்விளக்கும் சிவப்பு, பிரேக் விளக்கும் சிவப்பு, வெளிச்சம் மட்டுமே வேறு என்பது அவனைப் போன்றவர்களுக்குப் போதாது. பிரேக் பிடித்தால் முக்கோணம் எரிய வேண்டும்.

அதற்குமுன் இந்தச் சதுரத்தைக் கைவிட்டு, 22 மி.மீ. பட்டைகளால் பெருக்கல் குறி ஒன்று வெட்டியிருக்கிறேன். விளிம்பில் இரு பட்டைகளுக்கு நடுவே ஏறத்தாழ 70 மி.மீ. இருள் இருப்பதால், ஒளி பரவினாலும் முழுவதையும் மூடாது என்று நம்புகிறேன். அட்டையின் பசை இன்னும் காயவில்லை.