எங்கள் வாசிகசாலைச் சுவர்

எங்கள் ஊர் வாசிகசாலையில், பத்திரிகை மேசைக்கு நேரே உள்ள சுவரில், மாதத்துக்கு ஒரு கட்டுரை எழுதி ஒட்டுகிறேன். ஏ4 தாளில் இரண்டு பக்கம், அவ்வளவுதான். கைபேசியில் தட்டச்சுச் செய்து பரந்தன் சந்தியில் அச்செடுத்து வருவேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எடுத்துத் தரும்படி கேட்பேன். வயலால் வருகிறவர்கள் கண்ணாடி கொண்டு வருவதில்லை. எனக்கும் எழுத வரும் என்ற நம்பிக்கை இந்தச் சுவரிலிருந்துதான் கிடைத்தது.

பள்ளிக்கூட நாட்களிலும் எழுதினேன். கட்டுரைப் போட்டிகளில் பரிசும் வாங்கினேன். ஆனால் தலைப்பைக் கொடுப்பது ஆசிரியர், என்ன முடிவு எழுத வேண்டும் என்பதும் தலைப்பிலேயே இருக்கும். அந்தக் கொப்பிகளெல்லாம் போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டன. கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே போகப் போக, ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது ஒன்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் நடந்தோம். கொப்பிகளை எங்கே விட்டோம் என்று அம்மாவுக்கும் நினைவில்லை.

2010 இல் திரும்பி வந்து தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்த காலத்தில் பலர் வந்து எங்களைப் பற்றி எழுதினார்கள். யாரை இழந்தீர்கள், எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்த மண்ணில் நாங்கள் என்ன விதைக்கிறோம், குளத்துத் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு. எழுதுவது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருப்பவர்களின் வேலை, எழுதப்படுவதுதான் எங்கள் வேலை என்று நானும் நெடுநாள் இருந்துவிட்டேன்.

2018 டிசம்பரில் வெள்ளம் வந்தது. இரணைமடுவுக்கு மேலே கொட்டிய மழையில் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆற்று வழியே இறங்கிய தண்ணீர் முரசுமோட்டை, கண்டாவளை வயல்களின் மேலால் போனது. காலபோக நெல், அதாவது மாரிகால நெல், அப்போது குடலைப் பருவம்; கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருந்தது. தண்ணீர் வடிந்த அன்று அப்பாவோடு வரம்பில் நடந்தேன். இலை முழுவதும் சேறு படிந்திருந்தது. அப்பா ஒரு தண்டைப் பிடுங்கி, நகத்தால் மேலுறையைக் கீறி விரித்தார். உள்ளே விரல் நீளத்துக்கு இளங்கதிர். அதன் நுனி பழுப்பாகி, தொட்டதும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார். நாலு பாகத் தூரம் தள்ளிப் போய் இன்னொரு தண்டைக் கீறினார். அதில் கதிர் வெண்பச்சையாக இருந்தது. ஒன்றும் பேசாமல் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எந்தத் துண்டு வயல் பிழைக்கும், எது போய்விட்டது என்பதை அன்று மாலைவரை அப்படித்தான் கீறிக் கீறிக் கண்டுபிடித்தோம்.

இதை எழுதினேன். சுவரில் ஒட்டிய முதல் தாள் அதுதான். “நல்லாயிருக்கிறது” என்று சிலர் சொன்னார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் அந்தச் சொல் வீடு வரைக்கும்கூட என்னோடு வரவில்லை. பிறகொரு நாள் முதியவர் ஒருவர் வந்தார். வரிக்கு வரி விரலை வைத்து வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, இதில் எங்கள் பக்கம் இல்லையே. பன்னங்கண்டிக்கு ஒருக்கால் வந்து பாரும். அதையும் எழுத வேண்டும்.”

அவர் பாராட்டவில்லை, வேலை தந்தார். இவளிடம் சொன்னால் எழுதுவாள் என்று ஒரு மனிதர் நம்பி வந்திருக்கிறார். அன்று சைக்கிளில் திரும்பும்போது அடுத்த கட்டுரையின் முதல் வரி தானாகவே வந்துவிட்டது. பாராட்டு எனக்குச் செய்யாததை அந்தக் கேள்வி செய்தது. இன்றும் ஒரு தாளை ஒட்டியபின் நான் காத்திருப்பது “பிறகு என்ன நடந்தது?” என்று யாராவது கேட்பதற்காகத்தான்.

இந்தச் சுவருக்கு எழுதுவதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. வாசிக்கிறவர் விஷயம் தெரிந்தவர். ‘பச்சைக் கம்பளம் விரித்த வயல்’ என்று எழுதினால் எங்கள் கமக்காரர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அடிக்கட்டுப் பசளை எப்போது போட்டது, எந்த வாய்க்கால் தண்ணீர், கதிர் எத்தனை நாள் பிந்தியது என்று எழுதினால் நின்று வாசிப்பார். அதனால் எழுதும் முன் போய்க் கேட்கப் பழகினேன். எழுதியதை அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டுவேன். அம்மா எங்கே வெற்றிலைத் தட்டைத் தேடத் தொடங்குகிறாரோ அந்த வரியை எடுத்துவிடுவேன். விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுதும்போது கை நடுங்குவதில்லை. நடை அழகாக வேண்டும் என்று தவித்த காலத்தில்தான் நடுங்கியது.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தபோது, யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளாகிப் போனதை எழுதினேன். அந்தத் தாளின் முன்னால் நின்று இரண்டு பேர் பெரிதாக வாக்குவாதப்பட்டார்கள். ஒருவர் சேதனப் பசளைக்காரர், இயற்கை உரமே போதும் என்பவர். மற்றவர் யூரியா இல்லாமல் ஏக்கருக்கு என்ன தேறும் என்று கேட்பவர். நான் எழுதியதன் மேல் ஊர் வாதாடுகிறது என்பதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிமிர்வு எந்தப் பரிசிலும் கிடைத்ததில்லை.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலையும் எழுதியிருக்கிறேன். கடல்நீரில் விளக்கெரியும் அதிசயத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கோயில் மணலில் சேலைத் தலைப்பை விரித்து இரவு முழுவதும் விழித்திருக்கும் பெண்களைப் பற்றி எழுதினேன். அவர்களில் பலர் பிள்ளையின் பெயரில் நேர்த்தி வைத்தவர்கள். சிலருக்கு அந்தப் பிள்ளை எங்கே என்று இன்றுவரை தெரியாது. அதைப் பெரிய வார்த்தை எதுவும் போடாமல் எழுதுவதற்கு எனக்கு மிகுந்த துணிவு வேண்டியிருந்தது. சுவரில் அதற்கு முன் எழுதிய தாள்களெல்லாம் அந்தத் துணிவுக்கான பயிற்சி என்றே நினைக்கிறேன்.

இந்த மாதம் சிறுபோக, அதாவது கோடைகால விதைப்புக் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கும் கூட்டம் அது. முன்வரிசையில் கொப்பியோடு இருந்தேன். எங்கள் ஊரின் அரைவாசிச் சண்டையும் அரைவாசிச் சமாதானமும் அங்கேதான் நடக்கிறது. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருக்கும் ஒரு பெண் எழுந்து பேசியதை முழுவதுமாகக் குறித்து வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கேட்டதும் ஒட்டிவிடுவேன்.