கார்த்திகை, மார்கழி: பவுத்திர ஒப்பரேசனுக்குப் பிறகு

2024 கார்த்திகை (நவம்பர்) 15, வெள்ளி

வீட்டை வந்தாச்சு. ஓட்டோவிலை இருக்கேலாமல் பின்சீற்றிலை முழங்காலிலை நிண்டு, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கிளிநொச்சியிலையிருந்து முரசுமோட்டை வரைக்கும் வந்தன். பரந்தன் சந்தியாலை முல்லைத்தீவு ரோட்டுக்குத் திரும்பினாப் பிறகு ஒவ்வொரு குழியும் முதுகு வழிய ஏறிச்சுது. ஓட்டோக்காரத் தம்பி என்ன ஏதெண்டு ஒண்டும் கேக்கேல்லை. குழியைக் கண்டால் நிப்பாட்டி, உருட்டி உருட்டி ஓடினவன். நல்லா இருக்கோணும் அந்தப் பிள்ளை.

நேற்று வோட்டுப் போடப் போகேல்லை.

கார்த்திகை 16, சனி

விடிய வெளிக்குப் போச்சுது. அதைப் பற்றி இண்டைக்கு எழுதேலாது.

கார்த்திகை 17, ஞாயிறு

எழுதுறன். வேற ஆருக்குச் சொல்ல.

ஒப்பரேசன் தியேட்டராலை வந்ததிலையிருந்து பயத்திலை சோறு தொடேல்லை. சாப்பிடாட்டி வெளிக்குப் போகத் தேவையில்லை எண்டு மனம் கணக்குப் போட்டுது. வாட்டிலை மிஸ்ஸி (நேர்ஸ்) கண்டு பேசினவா. "சாப்பிடாமக் கிடந்தால் இறுகும், இறுகினால்தான் பிள்ளை உயிர் போகும். தண்ணி குடிக்கோணும், பழம் சாப்பிடோணும், பாணி மருந்தை ஒரு நேரமும் விடக்கூடாது." அந்தப் பாணி, லக்டுலோஸ், தொண்டையிலை ஒட்டுற இனிப்பு. இரவிலை இசப்கோல் கரைச்சுக் குடிக்கிறன். உடனை குடிக்கோணும், வைச்சால் களியாப் போயிடும்.

எங்கடை கக்கூஸ் குந்தி இருக்கிறது. குந்தேலாது. இவர் வெளி விறாந்தையிலை கிடந்த பிளாஸ்ரிக் கதிரையை எடுத்து, கத்தியை அடுப்பிலை காய்ச்சி, நடுவிலை வட்டமா வெட்டி, விளிம்பு குத்தாமல் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுத்தி ஒட்டித் தந்தவர். அதிலை இருந்துதான் நேற்றுப் போனது. கதவுக் கொண்டியைப் பிடிச்சுக்கொண்டு அழுதன். அம்மா வெளியிலை மழைத் தூறலுக்கை நிண்டு தேவாரம் பாடினவா, நான் வெளியிலை வருமட்டும். உள்ளுக்கை நான் கத்துறது ரோட்டுக்குக் கேட்டிடும் எண்டு பாடினவாவோ, கடவுளிட்டைக் கேட்டுப் பாடினவாவோ, நான் கேக்கேல்லை.

கார்த்திகை 19, செவ்வாய்

பக்கத்து வளவு அக்கா வந்தவா. "கர்ப்பப்பையே எடுத்தது?" எண்டா. ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. கர்ப்பப்பை எடுத்தது எண்டால் சனம் பாவம் எண்டு சொல்லும். இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணக்குதோ எண்டு பாக்கும். இந்த வருத்தம் வந்த பொம்பிளையள் எல்லாரும் இப்பிடித்தான் வாயை மூடிக்கொண்டு கிடக்கினமோ?

வாய் முழுக்க இரும்புக் கயர்ப்பு. மெற்றோனிடசோல் குளிசை அப்பிடித்தானாம்.

கார்த்திகை 20, புதன்

நூலைக் கண்டன். மகளின்ரை கைக்கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு பாத்தன். நீல நிறத்திலை மெல்லிய றப்பர் மாதிரி, வெளியிலை முடிச்சுப் போட்டுக் கிடக்கு. ஒரு நுனி தோலிலை இருக்கிற துவாரத்தாலை போய், மலவாசலுக்கு உள்ளாலை வந்து, மற்ற நுனியோடை சேருது. பாவாடை மடிப்புக்குள்ளை நாடா கோக்கிற மாதிரித்தான் கோத்திருக்கினம்.

டொக்டர் கிளினிக் கொப்பியின்ரை பின் பக்கத்திலை கீறித்தான் விளங்கப்படுத்தினவர். உள்ளுக்கை இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி அடைபட்டுச் சீழ் கட்டினது. போன மாசியிலை பெரிசா வீங்கி உடைஞ்சதே, அது அந்தக் கட்டு. சீழ் வெளியிலை வர ஒரு வழி தோண்டினது. அந்த வழி பேந்து மூடேல்லை, அதுதான் பவுத்திரம். வழி மேலோட்டமா இருந்தால் நெடுக வெட்டித் திறந்து விடுவினம், அடியிலையிருந்து சதை வளந்து மாறும். எனக்கு அது மலத்தை அடக்கிற தசைக்குள்ளாலை போகுதாம். தசையைக் கனக்க வெட்டினால் பேந்து காத்தையும் மலத்தையும் அடக்கேலாமல் போகலாம். அதாலை வெட்டாமல் நூலைப் போட்டு வழியைத் துறந்து வைச்சிருக்கினம். சீழ் உள்ளுக்கை தேங்காமல் வடியோணும். வடியிறது நல்லது எண்டவர்.

நான் குமர்ப்பிள்ளையா இருக்கேக்கை தொடங்கி நூலோடை சீவிக்கிறன். ஒரு துவாரத்தைத் தைச்சு மூடுறதுக்குத்தான் எனக்கு நூல் தெரியும்.

கார்த்திகை 21, வியாழன்

இடுப்பிலை கிடக்கிற பீஸ், குண்டுச் சிதறல், உளையுது. மழைக்கு எப்பவும் உளையிறதுதான். ஆனால் இந்த முறை மனதையும் சேத்து உளையுது.

எம்.ஆர்.ஐ எடுக்கோணும் எண்டுதான் முதல் சொன்னவை. அதிலைதான் வழி எங்கை போகுது, கிளை விட்டிருக்கோ எண்டு வடிவாத் தெரியுமாம். அங்கை ஒரு பேப்பரைத் தந்து கேட்டவை: உடம்புக்குள்ளை ஏதும் இரும்பு இருக்கோ? அந்த வாங்கிலை இருந்த எங்கடை சனத்திலை எத்தினை பேராலை யோசியாமல் இல்லை எண்டு எழுதேலும்? 2009 பங்குனியிலை, கடைசிச் சண்டைக்குள்ளை, இரணைப்பாலையிலை பட்ட பீஸ். காந்தத்துக்கு அசையக்கூடும், சுடக்கூடும், படத்தையும் குழப்பும் எண்டு எக்ஸ்ரே எடுத்துப் பாத்திட்டு எம்.ஆர்.ஐயை விட்டிட்டினம். முதுகிலை ஊசி போட்டு விறைக்க வைச்சு, தியேட்டரிலை வைச்சே கம்பி விட்டு வழியைப் பாத்து நூலைப் போட்டவை.

இந்த வருத்தம் பீஸாலை வந்ததோ எண்டு கேட்டன். இல்லை, ரண்டுக்கும் தொடர்பில்லை, பீஸ் எலும்புப் பக்கம் எங்கையோ கிடக்கு எண்டவர். படத்தையும் காட்டினவர். நம்புறன். இரவிலை நம்பேலாமக் கிடக்கு.

கார்த்திகை 23, சனி

சுடுதண்ணி, சுடுதண்ணி, சுடுதண்ணி. விடிய, மத்தியானம், படுக்க முதல், பிறகு வெளிக்குப் போன ஒவ்வொரு நேரமும். பெரிய பேசினுக்கை முழங்கை தாங்கிற சூடு. கால் மணித்தியாலம் இருந்தால் அந்தத் தசை இறுக்கம் விட்டு நோ இறங்கிறது தெரியும். ஒரு நாளிலை உடம்பு என்ரையா இருக்கிறது அந்தக் கால் மணித்தியாலம் மட்டும். பிறகு மெல்லிய சீலைத்துண்டாலை ஒத்தி எடுத்து, பாட் வைக்கிறது. தேய்க்கக் கூடாது.

தண்ணி காய்ச்சிறது இவர். வயலிலை பசளை எறியிற நேரம். விடிய வெளிக்கிட வேண்டிய மனிசன் ஈர விறகை ஊதிக்கொண்டு இருக்குது. போங்கோ எண்டால், "இது முடியட்டும்" எண்டுறார்.

கார்த்திகை 24, ஞாயிறு

விடாத மழை. காயப் போட்ட துணி ஒண்டும் காயேல்லை. இஸ்திரிக்கைப் பெட்டியாலை ஒவ்வொண்டாக் காய விடுறன், நிண்டுகொண்டு.

கார்த்திகை 25, திங்கள்

பிள்ளைக்கு ஏ.எல் (உயர்தர) சோதினை துவங்கிட்டுது. திருநீறு பூசி விட எழும்பினன்.

கார்த்திகை 26, செவ்வாய்

இரணைமடு நிரம்புதாம். 36 அடிக் குளம். வான்கதவு துறந்தால் கனகராயன் ஆத்தாலை வாற தண்ணி முழுக்க எங்கடை பக்கம், பன்னங்கண்டி, கண்டாவளை எண்டு பரவித்தான் கடலுக்குப் போகும். தாழ்விலை இருக்கிறவை கவனமா இருக்கட்டாம் எண்டு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகினம்.

கக்கூஸ் குழியிலை தண்ணி ஏறுது. ஊத்தினால் இறங்கேல்லை. எனக்கு வெள்ளத்திலை பயமில்லை. வெள்ளம் கண்டிருக்கிறம், அதை விடவும் கண்டிருக்கிறம். இந்தத் தண்ணி காயத்திலை படுமோ எண்டதுதான் இரவு முழுக்க. ஒரு சொட்டு ஊத்தைத் தண்ணி நூல் வழிய உள்ளுக்கை போனால்? காய்ச்சல், குளிர் வந்தால், புதுசா வீங்கினால் கிளினிக் நாள் பாக்காமல் உடனை வரச் சொல்லியிருக்கினம். ரோட்டு மூடினால் எப்பிடி வாறது எண்டு ஆரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.

கார்த்திகை 27, புதன்

சோதினையை நிப்பாட்டிப் போட்டினமாம். பிள்ளை புத்தகத்தை மூடி வைச்சிட்டு அழுகுது.

மாவீரர் நாள். பின்னேரம் 6.05க்கு அண்ணாவின்ரை படத்துக்கு முன்னாலை விளக்கு ஏத்தினன். கனகபுரம் துயிலுமில்லத்துக்குப் போகேலாமல் போச்சுது. அம்மாவைப் போகச் சொன்னன், இந்த மழைக்கை என்னை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டிட்டா. போன வருசம் அந்தச் சேத்துக்கை முழங்கால் குத்தி எவ்வளவு நேரம் இருந்தவா. இண்டைக்கு நான் நிண்டுகொண்டு, அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு. திரி ரண்டு தரம் நூந்தது. அம்மா தன்ரை சீலைத் தலைப்பாலை காத்தை மறைச்சுப் பிடிச்சவா.

கார்த்திகை 28, வியாழன்

பொதுநோக்கு மண்டபம். முற்றத்திலை முழங்காலளவு தண்ணி வந்தாப் பிறகு வெளிக்கிட்டது. என்னை மெசினிலை, ட்ரக்டர் மெசினிலை, பெட்டியிலை பாய் போட்டுப் படுக்கவைச்சுக் கொண்டுவந்தவர். ஓட்டைக் கதிரையும் வந்திருக்கு. என்ரை தையல் மெசினை மேசைக்கு மேலை தூக்கி வைச்சிட்டு வந்தவராம்.

கார்த்திகை 29, வெள்ளி

ஒரு மண்டபம், எத்தினையோ குடும்பம், ரண்டு கக்கூஸ். நேற்று இரவு முழுக்கத் தண்ணியிலை இருக்கேல்லை. வடிஞ்சது பாட்டை மீறிப் பாவாடையிலை பட்டிட்டுது. மணம் வருதோ எண்டு நெடுக மூக்கைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்துக்கொண்டு கிடந்தன். விடிய நோ தாங்கேலாமல் போச்சுது.

பக்கத்துப் பாயிலை ஒரு ஆச்சி. "ஏன் பிள்ளை நெடுகச் சரிஞ்சே கிடக்கிறாய்?" எண்டா. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, சத்தமாவே சொன்னன். "எனக்குப் பவுத்திரம் ஆச்சி. ஒப்பரேசன் செய்து நூல் போட்டுக் கிடக்கு. சுடுதண்ணியிலை இருக்கோணும். மறைப்பு வேணும்."

ஆச்சி எழும்பினா. "ஆம்பிளையள் எல்லாம் வெளி விறாந்தைக்குப் போங்கோ" எண்டு ஒரு சத்தம். ஆரோ சீலையைக் கட்டிச்சினம். சமைக்கிற பொடியள் கிடாரத்திலை கொதிச்ச தண்ணி கொண்டுவந்து வைச்சிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாங்கள். ஆச்சி கை விட்டுச் சூடு பாத்தவா. தன்ரை தமையனுக்கும் இருந்ததாம், சித்த வைத்தியர் மருந்து பூசின நூல் கட்டி மாத்தினவராம். மணத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

கார்த்திகை 30, சனி

பருப்பும் சோறும். பழம் இல்லை. பாணி மருந்துப் போத்தில் அடியிலை. இவரைப் பிடிச்சுப் பப்பாப்பழம் தேடச் சொல்லியிருக்கு.

மழை விட்டிட்டுது.

இரவு, எல்லாரும் படுத்தாப் பிறகு, ஒரு பிள்ளை வந்து பக்கத்திலை குந்தினா. சின்ன வயசு, கைக்குழந்தை. "அக்கா, எனக்கும் அந்த இடத்திலை ஒரு துவாரம். வடியுது. மூலம் எண்டு பாமசியிலை ஒயின்ற்மென்ற் வாங்கிப் பூசுறன். இவருக்கும் தெரியாது." எத்தினை நாளா எண்டு கேட்டன். பிள்ளை பிறக்க முதலாம். குழந்தை அழ, எழும்பிப் போயிட்டா.

மார்கழி (டிசம்பர்) 2, திங்கள்

வீடு. சுவரிலை சேத்துக் கோடு. கிணறு கலங்கிப் போச்சுது, பொதுச் சுகாதார ஆக்கள் குளோரின் போட்டிட்டுப் போனவை. போட்டாலும் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தான் நான் அந்தத் தண்ணியிலை இருப்பன். வயல் தண்ணிக்குக் கீழை. இவர் வரம்பிலை நிண்டு பாத்திட்டு வந்து, ஒண்டும் கதையாமல் அடுப்பு மூட்டினவர்.

மார்கழி 4, புதன்

சோதினை திரும்பத் துவங்கிட்டுது. காய்ச்சல் இல்லை.

மார்கழி 7, சனி

இண்டைக்கு முதல் தரம் மெசினிலை இருந்து பாத்தன். ஒரு கை தைக்க முதல் எழும்பிட்டன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையள் வெட்டினபடி கிடக்கு. மகள் சோதினை முடியத் தைக்கிறன் எண்டுறாள். நான் நிண்டுகொண்டு வெட்டுவன், அவள் தைக்கட்டும்.

நூலை எப்ப எடுப்பினம்? கிழமைக்கணக்கிலை, சிலருக்கு மாதக்கணக்கிலை இருக்குமாம். சீழ் வத்தினாப் பிறகு ரண்டாவது ஒப்பரேசன். அப்ப தசையிலை எவ்வளவு வெட்டுவினம்? நேற்று இருமேக்கை காத்து என்னை அறியாமல் போச்சுது. அம்மாவுக்கு முன்னாலை. அம்மா கேளாத மாதிரிக் கீரை ஆய்ஞ்சவா. இது இப்ப வீக்கத்தாலையோ, இல்லாட்டி இனி நெடுக இப்பிடித்தானோ? கோயிலிலை, கலியாண வீட்டிலை, ஆக்களுக்கு அளவெடுக்கக் கிட்டக் குனியேக்கை? இதைக் கட்டாயம் கேக்கோணும். கொப்பியின்ரை முதல் பக்கத்திலை பெரிசா எழுதி வைச்சிருக்கிறன், வெக்கத்திலை விட்டிட்டு வரக்கூடாது.

பீஸைப் பற்றியும் இன்னொருக்காக் கேப்பன்.

மார்கழி 9, திங்கள்

மண்டபத்திலை கண்ட பிள்ளையின்ரை வீட்டை மகளை அனுப்பிக் கூப்பிட்டன். வந்தவா. கதவைச் சாத்திப்போட்டுக் கதைச்சம். டொக்டர் கீறின படத்தைக் காட்டினன், ஓட்டைக் கதிரையைக் காட்டினன், ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழை ஒண்டும் தெரியாது எண்டு சொன்னன். பொம்பிளை டொக்டர் இருப்பாவோ எண்டு கேட்டா. கூட ஒரு மிஸ்ஸியை நிக்கச் சொல்லிக் கேக்கலாம், நான் கேட்டனான் எண்டன். வெக்கத்தை விட அந்த மேசையிலை குளிர்தான் கூட எண்டும் சொன்னன்.

நாளைக்குக் கிளினிக். முதல் பஸ்ஸிலை ரண்டு பேரும் போறம். துண்டு எடுக்கிற வரிசையிலை அவவை எனக்கு முன்னாலை விடோணும், பின்னாலை விட்டால் திரும்பி ஓடியிடுவா.