கார் ஏசி கசிவு: வேக்குவம் நின்றது, கேஸ் நிற்கவில்லை

பானட் ஸ்டிக்கர் கேட்பது ஆர்-134ஏ என்ற குளிர்விக்கும் கேஸ், 480 கிராம். இன்ஜின் ஓடாதபோது, 30 டிகிரி வெப்பத்தில், கேஜ் காட்டியது 40 பிஎஸ்ஐ. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் இந்த வெப்பத்துக்கு 97 பக்கம் நிற்கும். ஆக, இருப்பது வெறும் ஆவி. அதற்காக 97 காட்டினால் நிறைய இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 200 கிராம் இருந்தாலும் 480 இருந்தாலும் முள் அதே இடத்தில்தான்.

மிச்சத்தைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடைப்போல் 1430 மடங்கு சூடேற்றும் வாயு அது. ரெக்கவரி மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்பில் எடுத்தாயிற்று.

அடுத்து வேக்குவம், அதாவது உள்ளிருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. பம்ப் 30 நிமிடம் ஓடியது, வால்வை மூடியபின் ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. இங்கேதான் பலர் கசிவே இல்லை என்று கேஸ் ஏற்றி ஏமாறுகிறார்கள். வேக்குவத்தில் வேலை செய்வது 14.7 பிஎஸ்ஐ, அதுவும் உள்நோக்கி. ஏசி ஓடும்போது ஹை சைடில் (கம்ப்ரெஸர் அழுத்தித் தள்ளும் பக்கம்; அது உறிஞ்சும் பக்கம் லோ சைடு) 200க்கு மேல், வெளிநோக்கி. உள்ளே இழுத்தால் அடைத்துக்கொண்டு, வெளியே தள்ளினால் வழிவிடும் ஓ-ரிங்குகள் உண்டு.

ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றிப் பார்த்ததில் உண்மை வெளிவந்தது. டயருக்கு அடிக்கும் காற்று வேண்டாம், ஈரம் ஏறும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். இரவு 32 டிகிரியில் 150, காலை 24 டிகிரியில் 138. வெப்பம் இறங்கியதற்கு 4 போகட்டும். பாக்கி 8 கசிவு.

கண்டென்சருக்குள் (கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்க வலை) நுழையும் பைப் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தது. பாத்திரம் கழுவும் லிக்விடைக் கெட்டியாகவே கலந்து பிரஷ்ஷால் தடவினால், உடனே ஒன்றும் தெரியவில்லை. நான்கைந்து நிமிடம் கழித்துக் கடுகளவு குமிழ்கள் ஒரு ஓரத்தில் மட்டும் கூடின. அவசரக்காரர் கண்ணுக்கு இது படாது.

கழற்றியதில் ஓ-ரிங்கின் உருண்டை போய்ச் சதுரமாகியிருந்தது. நகம் பதித்தால் தழும்பு மீளவில்லை. அதே அளவில் பச்சை எச்என்பிஆர் ரப்பர் ரிங், மேலே ஒரு சொட்டு ஆயில், எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர். அலுமினிய மரையில் பலம் காட்டினால் மரை போய்விடும். இரண்டு சர்வீஸ் வால்வு பின்களும் புதிது. லீக் அடைக்கும் டப்பா திரவம் வேண்டவே வேண்டாம். கேஸ் நுழையும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வை அடைப்பதோடு ரெக்கவரி மெஷினையும் கெடுக்கும்.

சிஸ்டத்தைத் திறந்ததால், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும் மாற்ற வேண்டும். அதன் மூடியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும், இல்லையேல் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பழைய ட்ரையரோடு போன ஆயிலுக்கு ஈடாக பிஏஜி 46 என்ற கம்ப்ரெஸர் ஆயில் 15 மில்லி.

மறுபடி இரவு முழுக்க நைட்ரஜன்: வெப்பக் கணக்குக்கு மேல் இறக்கமில்லை. வேக்குவம் 45 நிமிடம். பின் தராசில் சிலிண்டரை வைத்து 480 கிராம். ஓடும் இன்ஜினில் லோ சைடு வழியாக, சிலிண்டர் நிமிர்ந்தபடி. கவிழ்த்தால் திரவம் போய் கம்ப்ரெஸர் உடையும். ஹை சைடு வால்வு மூடியே இருக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்: மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் சரக்கு இது.

32 டிகிரியில், 1500 ஆர்பிஎம்மில்: லோ 35, ஹை 220, வென்டில் 7 டிகிரி. சர்வீஸ் போர்ட் மூடிகளின் உள்ரப்பரைப் பார்த்து மாட்டியாயிற்று. பலர் தூசி மூடி என்று நினைத்துத் தொலைத்துவிடும் அதுதான் இரண்டாவது சீல்.