ஒரு மூட்டை சிமெண்டில் எவ்வளவு கிளிங்கர்?

அரியலூர்ப் பகுதியில் உள்ள ஒரு சிமெண்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். ஆலையைப் பார்க்க வரும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது, நிலக்கரியை விட்டு வேறு எரிபொருளுக்கு மாறிவிட்டால் கரியமில வாயு நின்றுவிடாதா என்பதுதான். நின்றுவிடாது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதன் எடையில் 100க்கு 44 பங்கு கரியமில வாயுவாகப் பிரிந்து போய், 56 பங்கு மட்டுமே சுண்ணாம்பாக மிஞ்சுகிறது. சூளையில் எதை எரித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணும் சேர்த்துச் சூளையில் சுட்டால் வரும் கெட்டி உருண்டைகள்தான் கிளிங்கர்; அதை அரைத்தே சிமெண்ட் செய்கிறோம். அதில் ஏறத்தாழ 65 சதவீதம் சுண்ணாம்பு இருப்பதால், ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் 500 கிலோவுக்கு மேல் வாயு வெளியேறுகிறது. எரிபொருள் சேர்ப்பது சுமார் 300 கிலோ.

அந்த 300 கிலோவைக் குறைக்கவும் ஆலைகள் நிறையச் செய்திருக்கின்றன. சூளைக்குப் போகும் கல்தூளை முன்கூட்டிச் சூடாக்கும் ப்ரீஹீட்டரிலிருந்தும், வெந்த கிளிங்கரைக் குளிரவைக்கும் கூலரிலிருந்தும் வெளியேறும் சூட்டில் மின்சாரம் எடுக்கிறார்கள். நகராட்சிக் குப்பையிலிருந்து பிரித்த பிளாஸ்டிக்கை எரிக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் குளோரின் அதிகமானால் ப்ரீஹீட்டரில் உள்ள சைக்ளோன் எனும் கூம்புக் கலன்களின் உட்சுவரில் படிவு கட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், வந்து இறங்கும் ஒவ்வொரு லோடையும் சோதிப்பது எங்கள் வேலை. தேவையான முயற்சிதான் என்றாலும், உமிழ்வைப் பெரிய அளவில் குறைக்கும் வழி கிளிங்கரையே குறைவாகப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இதை மூட்டைக் கணக்கில் பார்த்தால் எளிதில் விளங்கும். ஓபிசி எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டின் 50 கிலோ மூட்டையில் 95 சதவீதம் கிளிங்கர், மீதி ஜிப்சம் என்று கொண்டால், அந்த மூட்டைக்காகச் சூளையிலிருந்து வெளியேறியது சுமார் 38 கிலோ கரியமில வாயு. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டில் இந்தியத் தர நிர்ணயம் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பலை அனுமதிக்கிறது. அந்த உச்ச அளவில் கலந்தால் கிளிங்கர் 60 சதவீதமாகி, வாயுவும் 24 கிலோவாகக் குறைகிறது. புதிய இயந்திரம் எதுவும் வாங்காமல், அரைவையில் சேரும் பொருளை மாற்றியதால் மட்டும் ஒரு மூட்டைக்கு 14 கிலோ மிச்சமாகிறது.

ஆனால் சாம்பல் தானாக இறுகுவதில்லை. கிளிங்கர் தண்ணீரோடு வினைபுரியும்போது வெளிவரும் நீற்றுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் அது மெல்ல வேலை செய்யத் தொடங்கும். சோதனைக்கென்றே தரப்படுத்திய எண்ணூர் மணலும் சிமெண்டும் கலந்து, 7 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த கனசதுரங்களாக வார்த்து, 3, 7, 28 நாட்களில் அவற்றை நொறுக்கிப் பார்க்கும் எங்கள் சோதனையில் இது தெளிவாகத் தெரியும். 3 நாளில் சாம்பல் கலந்தது பின்தங்கி நிற்கும். 28 நாளில் நெருங்கி வரும். தொடர்ந்து ஈரத்தில் வைத்திருந்தால் 90 நாளில் ஓபிசியைத் தாண்டிப்போவதும் உண்டு. நெடுங்காலம் நிற்க வேண்டிய கட்டடத்துக்கு இது நல்ல குணம் என்பதை ஆய்வகத்தில் எல்லோரும் அறிவோம்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் நிலைமை வேறு. வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கப் போகும்போது மேஸ்திரிகள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், சாம்பல் சிமெண்ட் லேட்டா இறுகுது. மறுநாளே பலகையைப் பிரிச்சாத்தான் எங்களுக்கு வேலை ஓடும்." அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை, ஆட்களுக்கு நாள் கூலி. கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற, அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்க, வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான நெறிமுறை. தண்ணீரையே லாரியில் வாங்கும் வீட்டுக்காரர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார். பாதி வினை நடக்கும் முன்பே ஈரம் வற்றிவிட, விரிசலுக்கான பழி சாம்பலின் மேல் விழுகிறது. ஆகவே ஈரச் சாக்கை எப்படிப் போர்த்துவது, தளத்தில் எப்படிப் பாத்தி கட்டுவது என்று மேஸ்திரிகளுக்குக் காட்டிக் கொடுப்பதையும் நான் உமிழ்வுக் குறைப்புப் பணியாகவே கருதுகிறேன். சிமெண்டின் மேல் நம்பிக்கை போனால் அடுத்த வீட்டுக்கு ஓபிசிதான் இறங்கும்.

சாம்பலும் என்றைக்கும் கிடைத்துக்கொண்டிருக்கும் பொருளல்ல. நிலக்கரி மின்சாரம் குறையக் குறைய அதுவும் குறையும். எல்சி3 என்று அழைக்கப்படும் சிமெண்ட் எனக்கு நம்பிக்கை தருவது இதனால்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்லூரியோடு சென்னை, டெல்லி ஐஐடிகளும் சேர்ந்து ஆராய்ந்த இதில், 50 சதவீதம் கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். களிமண்ணைச் சுட 800 டிகிரி அளவே போதும். கிளிங்கருக்கோ 1450 டிகிரி வேண்டும். களிமண் சூடேறும்போது வெளியேறுவதும் நீராவியே. உமிழ்வு 40 சதவீதம் வரை குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2023இல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது.

இதிலும் எங்களுக்கு வேலை காத்திருக்கிறது. சுட்ட களிமண் தண்ணீரை மிகுதியாக இழுப்பதால் அதற்கேற்ற கலவையைக் கண்டறிய வேண்டும். களிமண்ணில் இரும்பு இருந்தால் சிமெண்ட் செம்மை பாய்ந்து வரும். சாம்பல் நிறத்தைப் பார்த்தே சரக்கை மதிப்பிடும் சந்தையில் அது விலைபோகாது. ஆக்சிஜன் குறைந்த சூழலில் களிமண்ணைக் குளிரவைத்தால் நிறம் கறுத்து வரும். அதற்கேற்பக் கூலரை அமைப்பதையும், முதல் மூட்டைகள் வெளியே போகும் முன்பே மேஸ்திரிகளைக் கூட்டிக் கலவையையும் நீராற்றலையும் செய்து காட்டுவதையும் ஒரே திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஆலைக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன்.